ஒன்பது மாதக் களிம்பும் அதன் பிறகு மூன்று பொருளும்: ஓர் இளைஞரின் முகப் பராமரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு யாருக்கு

சேலம் மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் தோல் மருத்துவராக இருக்கிறேன். இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆண்கள் முகத்துக்காக வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "டாக்டர், முகத்துக்கு எது நல்லது, ஒண்ணு எழுதிக் கொடுங்க." அதற்குள் அவர்கள் முகத்தில் ஏழெட்டுப் பொருள் ஏறியிருக்கும். அவற்றுள் ஒன்றாவது மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பாக இருப்பது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. அப்படி வந்த ஒருவரிடம் என்ன பார்த்தோம், எதை நிறுத்தினோம், எதை வைத்துக்கொண்டோம், ஏழு மாதத்தில் என்ன ஆயிற்று என்பதை வரிசையாக எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

இதில் வரும் மருந்துகள் அவரை நேரில் பார்த்து அவருக்காக எழுதியவை. படிப்பவர்கள் தாமாக வாங்கிப் பூச வேண்டாம். முகம் கழுவுவது, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், சவரம் பற்றிச் சொல்வதை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பின்னணி

வயது 27. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் தவணை வசூல் வேலை. காலை ஒன்பது மணிக்குப் பைக்கில் ஏறினால் இறங்க இரவு ஏழு ஆகும். தினமும் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், ஹெல்மெட்டோடு, வெயிலில். அலுவலகத்தில் தாடி வைக்கக் கூடாது என்று கண்டிப்பு; அதனால் தினமும் சவரம். ஜனவரிக் கடைசியில் எங்களிடம் வந்தார். ஆனி மாதம் நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம் என்று இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள்.

கல்லூரிக் காலத்தில் வந்த பருக்கள் அடங்கி, கன்னத்தில் சில கருந்தழும்புகள் மட்டும் இருந்தனவாம். அது அவரை உறுத்தவில்லை. வசூல் வேலைக்குப் போன பிறகு நெற்றியும் மூக்கும் கறுத்தன. உறவினர் வீட்டு விசேஷங்களில் "என்னப்பா இப்படிக் கறுத்துட்ட" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் தான் பூசும் களிம்பைக் காட்டினார். பக்கத்து மருந்துக்கடையில் பெயரைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கேள்வியும் இல்லை.

முதல் மூன்று வாரம் அவருக்கு அது அற்புதமாகத் தெரிந்தது. நிறம் வெளுத்தது, இருந்த ஒன்றிரண்டு பருவும் அமுங்கியது. மூன்றாம் மாதத்தில், ஒருநாள் பூச மறந்தால் மறுநாள் முகம் எரிந்தது. இரண்டு நாள் விட்டால் சிவந்து பொரிந்தது. அதனால் இரவு மட்டும் பூசியவர் காலையிலும் பூசத் தொடங்கினார். எங்களிடம் வரும்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. களிம்பு தீர்ந்துபோன ஒரு வாரத்தில் பருக்கள் மொத்தமாகக் கிளம்பியதால்தான் வந்தார்.

முதல் நாள் பார்த்தது

இரண்டு கன்னமும் நெற்றியும் சிவந்து, மேல்தோல் மெலிந்து பளபளவென்று இருந்தது. மூக்கின் இரு பக்கமும் மெல்லிய சிவப்பு இரத்த நாளங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பருக்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வயது. சாதாரண முகப்பருவில் இருக்கும் கரும்புள்ளிகள் அநேகமாக இல்லை. கன்னத்தின் மேற்பகுதியில் பூனைமுடி அடர்ந்திருந்தது. தாடை வரை ஒரு நிறம், கழுத்தில் வேறொரு நிறம். இவை சேர்ந்து தெரிந்தால் ஸ்டீராய்டு களிம்பைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியது அபூர்வம். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கென்று தனிப் பெயரே வைத்து எழுதும் அளவுக்கு இது இங்கே பரவியிருக்கிறது.

ஆனால் அந்த முகத்தில் இது மட்டும் இல்லை. தாடைக்குக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில், சவரம் செய்யும் இடத்தில் மட்டும் சிறு முடிச்சுகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பலவற்றில் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது. நெற்றியில் ஹெல்மெட் பஞ்சு படியும் இடத்தில் பட்டையாக ஒரு வரிசைப் பொரிகள். புருவத்திலும் மூக்கோர மடிப்பிலும் செதில், தலையில் பொடுகு. ஒரே முகத்தில் நான்கு தொல்லை, நான்குக்கும் நான்கு காரணம். அவர் எல்லாவற்றையும் சேர்த்து "பிம்பிள்ஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்; எல்லாவற்றுக்கும் அதே களிம்பைத்தான் பூசினார்.

கன்னத்தில் ஓர் ஓரம் மட்டும் வளைவாகத் தெரிந்ததால் அங்கிருந்து செதிலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். ஸ்டீராய்டு பூசிய முகத்தில் படர்தாமரை தன் வழக்கமான வட்ட வடிவத்தை இழந்து ஒளிந்திருக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடுவதில்லை. பூஞ்சை இல்லை.

பையைக் கொட்டியபோது

முகத்தில் படும் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். மறுநாள் ஒரு துணிக்கடைப் பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குளியல் சோப்பு, கரித்தூள் ஃபேஸ்வாஷ், வாதுமைத் துகள் போட்ட ஸ்க்ரப், எலுமிச்சை வாசனை ஆஃப்டர் ஷேவ், வைட்டமின் சி சீரம், ஆன்லைனில் வாங்கிய "ஆண்களுக்கான" ஃபேர்னஸ் கிரீம், அம்மா அரைத்துக் கொடுத்த பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும், ஐந்து பிளேடு ரேசர் ஒன்று. ரேசரின் பிளேடை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடி மாத்தினேன்... இல்ல, தீபாவளிக்கு" என்றார்.

கடைசியாக அந்த ட்யூப். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, மூடி வரைக்கும் பிழிந்திருந்தார். அதிலிருந்த பொடி எழுத்துகளை அவரையே வாசிக்கச் சொன்னேன். நிறத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் 2%, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் 0.025%, ஸ்டீராய்டான மொமெட்டசோன் 0.1%. மூலையில் ஆர்எக்ஸ் குறி. அதற்குக் கீழே, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. ஒன்பது மாதமாகத் தினம் கையில் எடுத்த ட்யூபில் அந்த வரிகளை அன்றுதான் அவர் முதன்முறையாகப் படித்தார்.

இந்தக் கூட்டின் மூலம் பழையது. 1975இல் அமெரிக்காவில் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துக் கருமையைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். இன்றும் மங்குக்கு இதே வகைக் கூட்டை நாங்கள் எழுதுகிறோம்: இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், கருத்த இடத்தில் மட்டும். முறையாகக் கொடுத்தால் நல்ல மருந்து. ஃபேர்னஸ் கிரீமாக முகம் முழுக்க மாதக்கணக்கில் பூசும்போது ஸ்டீராய்டு இரத்தநாளத்தைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, முதலில் முகத்தைத் தெளிவாகக் காட்டும். கூடவே மேல்தோலை மெலியவைத்து அதன் காப்பையும் குறைத்துக்கொண்டே போகும். நிறுத்தியதும் நாளங்கள் விரிகின்றன, அடக்கிவைத்த அழற்சி மொத்தமாக எழுகிறது. அந்த எரிச்சலைத் தாங்காமல் திரும்பப் பூசுகிறார்கள். மோசமான ஏற்பாடு இது. பலருக்கு வருடக்கணக்கில் ஓடுகிறது.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் கட்டுப்பாட்டுக்குள், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியலுக்குள், கொண்டுவந்தது. மொமெட்டசோனும் இதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சட்டம் அப்போதே வந்துவிட்டது. கடை மேசைக்கு அது வந்து சேராததால் இந்த இளைஞரைப் போன்றவர்கள் வதைபடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாத வருத்தம்.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணமும்

முதல் முடிவு: களிம்பை அன்றே முழுக்க நிறுத்துவது. வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி மெல்ல மெல்லக் குறைக்கும் வழியும் உண்டு. முகம் ரொம்ப மோசமானவர்களுக்கு அதைச் செய்கிறோம். இவருக்கு ஆனியில் நிச்சயதார்த்தம். கையில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு ட்யூப் இருந்தால், விசேஷம் நெருங்க நெருங்க அதைக் கூடுதலாகப் பூசும் ஆசை வரும் என்று தோன்றியது. அதனால் வேண்டாம் என்று வைத்தோம்.

பதிலுக்கு இரவில் டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு. ஸ்டீராய்டு அல்லாதது, அழற்சியைக் குறைக்கும், தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் எரியும். ஈர முகத்தில் பூசினால் இன்னும் எரியும், ஆகவே முகம் கழுவிக் கால் மணி நேரம் காயவிட்டுப் பூசச் சொன்னோம். பருக்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, 100 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆறு வாரத்துக்கு. இந்த மாத்திரை வெயிலில் தோலைச் சீக்கிரம் சிவக்கவைக்கும். நாள் முழுக்க வெயிலில் இருப்பவருக்கு இதைக் கொடுப்பதா என்று யோசித்தோம். சீழ்ப்பருக்கள் அந்த அளவுக்கு இருந்ததால் கொடுத்தோம். சன்ஸ்கிரீனும் ஹெல்மெட்டுக்குள் கைக்குட்டையும் கட்டாயம் என்றோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

அடுத்து பராமரிப்பு. பையில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மூன்றே பொருள் வைத்தோம்: வாசனையில்லாத மென்மையான க்ளென்சர், சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன். இரவில் வீடு திரும்பியதும் க்ளென்சரால் கழுவி, மருந்து, பிறகு மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான்.

குளியல் சோப்பை ஏன் விடச் சொன்னோம் என்று விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் எண்ணெய் வழிகிறது என்று ஒரு நாளைக்கு நாலைந்து முறை அதைப் போட்டுத்தான் கழுவிக்கொண்டிருந்தார். தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு ஏறக்குறைய ஐந்து. சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து. ஏற்கெனவே மெலிந்த தோலில் அதைத் தேய்க்கும்போது செல்களுக்கு இடையில் இருக்கும் கொழுப்பும் சேர்ந்து கரைந்துபோகிறது. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்தது போல் இருப்பதை அவர் சுத்தம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல க்ளென்சரால் கழுவினால் அந்த இறுக்கம் இருக்கக் கூடாது.

மாய்ஸ்சரைசருக்கு அவரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. "எனக்கு எண்ணெய்ச் சருமம் டாக்டர், இதுக்கு மேல க்ரீம் வேறயா?" எண்ணெய் என்பது சுரப்பியிலிருந்து வருவது, தண்ணீரைப் பிடித்துவைப்பது மேல்தோலின் வேலை. இவருக்கு முதலாவது அதிகம், இரண்டாவது பழுது. கிளிசரினும் தோலிலேயே இருக்கும் கொழுப்பு வகையான செராமைடும் உள்ள லேசான லோஷனாகப் பார்த்துக் கொடுத்தோம். வைட்டமின் சி சீரம் கெட்ட பொருள் இல்லை. ஆனால் எரிகிற முகத்தில் அதைப் பூசினால் எரிச்சல் எதனால் என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அதனால் அதுவும் வெளியே. அம்மாவின் பயத்தமாவை உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கலாம், முகத்துக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றோம்.

பொடுகுக்குக் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அதே நுரையைப் புருவத்திலும் மூக்கோரத்திலும் ஒரு நிமிடம் தடவச் சொன்னோம். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு ஹெல்மெட் போடுவதை நிறுத்தச் சொன்னோம். எண்ணெயும் வியர்வையும் பஞ்சில் ஊறி நாள் முழுக்க நெற்றியில் உரசிக்கொண்டிருந்தன. ஹெல்மெட்டின் உள்பஞ்சு கழற்றக்கூடியது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கிளினிக்கிலேயே கழற்றிக் காட்டினோம். அதன் நிறமே மாறியிருந்தது. வாரம் ஒருமுறை துவைக்கவும், உள்ளே தினம் ஒரு சுத்தமான பருத்திக் கைக்குட்டை கட்டவும் சொன்னோம்.

சவரத்தை நாலு வாரம் நிறுத்தினோம். ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு மருத்துவக் கடிதம் கொடுத்தோம். மேலாளர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

முதல் ஆறு வாரம்

நாலாம் நாளிலிருந்து மோசமாயிற்று. பதினைந்து நாள் வரை முகம் சிவந்து, வீங்கி, தொட்டாலே எரிந்தது. இப்படி ஆகும் என்று அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். வீட்டில் அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவருடைய அம்மா கூடவே வந்தார். "நல்லா இருந்த முகம் சார். உங்க மருந்து போட்டதுக்கு அப்புறம்தான் இப்படி வெந்து போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா என்ன சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் காலி ட்யூபையும் முதல் நாள் எடுத்த புகைப்படத்தையும் காட்டி, இது களிம்பை விட்டதன் விளைவு, சில வாரத்தில் அடங்கும் என்று பொறுமையாகச் சொன்னோம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நாளில் மூன்று நாலு முறை பத்து நிமிடம் முகத்தில் போடச் சொன்னோம். அந்த வேலையை அன்று முதல் அம்மாவே எடுத்துக்கொண்டார். சிகிச்சை நிலைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் வாரம் ஒரு சறுக்கல். பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு இரவு அவர் பழைய களிம்பை வாங்கிப் பூசிவிட்டார். கல்யாணத்தன்று முகம் நன்றாக இருந்தது. நாலாம் நாள் எரிச்சலும் சிவப்பும் திரும்ப வந்தன. தானாகவே வந்து சொன்னார். கடிந்துகொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. ஒன்பது மாதம் பழக்கிய மருந்து, கேட்டதும் கொடுக்கும் கடை, நாலு பேர் பார்க்கும் சபை. மூன்றும் ஒன்றாக நின்றால் யாரும் தடுமாறுவார்கள். விசேஷம் ஏதாவது வந்தால் அதற்கு ஒரு வாரம் முன்பே எங்களைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டோம். லேசான நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் ஒன்றையும் எழுதினோம். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு சிவப்பை மறைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியால் மாநிறத் தோலில் வரும் கருமையையும் ஓரளவு தடுக்கும். அவருக்கு ஒரு விசேஷத்துக்குத் தைரியமாகப் போக அது போதுமானதாக இருந்தது.

சன்ஸ்கிரீன் தகராறு

மூன்றாம் வாரம் வந்தபோது சன்ஸ்கிரீன் ட்யூப் வாங்கிய மாதிரியே கனமாக இருந்தது. தினம் பூசுகிறேன் என்றார். எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கையில் போடச் சொன்னோம். ஒரு துவரம்பருப்பு அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை ஒவ்வொரு கோடு வேண்டும். பருப்பளவு பூசினால் டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் என்ற வெயில்காப்பு எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிப் பார்த்து அளந்தது.

ஏன் குறைத்துப் பூசினார் என்று விசாரித்ததில் மூன்று காரணம் வந்தது. முகம் சாம்பல் பூசியது போல் வெளிறுகிறது. வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது. வண்டி ஓட்டும்போது கண் எரிந்தால் ஆபத்து. கடைசிக் காரணத்துக்கு மேல் பேச ஒன்றும் இல்லை. கிரீமை மாற்றி எஸ்பிஎஃப் 50, பிஏ மூன்று பிளஸ் (யுவிஏ கதிரிலிருந்து கிடைக்கும் காப்பைக் காட்டும் குறி) உள்ள, தண்ணீரில் சீக்கிரம் கலையாத ஜெல் கொடுத்தோம். எஸ்பிஎஃப் 30 ஏறக்குறைய 97 சதவீதம் யுவிபி கதிரை (தோலைச் சிவக்கவைக்கும் வெயில் கதிர்) தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக மாற்றவில்லை. அளவு கொஞ்சம் குறைந்தாலும் தாங்கட்டும் என்பதும் கையில் பூசிப் பார்த்தபோது அவருக்கு அந்த ஜெல் பிடித்திருந்தது என்பதும்தான் காரணம். புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்தை விட்டுவிடலாம் என்றோம். அங்கே ஹெல்மெட்டும் கைக்குட்டையும் மறைக்கின்றன. கண்ணுக்குள் வழிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. வசூல் வேலையில் அது நடக்காது. தினமும் மதியம் ஏதாவது ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக் கை கழுவுகிறார் அல்லவா, அந்த நேரத்தில் முகத்தைத் தண்ணீரால் அலம்பி, துடைத்து, இன்னொரு முறை பூசுவது என்று வைத்தோம். அதை அவர் அநேகமாகத் தவறவிடவில்லை. வண்டிப் பெட்டிக்குள் ட்யூபை வைக்காமல் தோள்பையில் வைக்கச் சொன்னோம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் எந்தக் கிரீமும் கெட்டுவிடும்.

சவரத்துக்குத் திரும்பியது

நாலு வாரம் என்று தொடங்கியது எட்டு வாரம் ஆயிற்று. அதற்குள் உள்ளே சுருண்ட முடிகள் தாமாகவே வெளியே வந்து முடிச்சுகள் பெரும்பாலும் அமுங்கின. பல பிளேடு ரேசரில் முன் பிளேடு முடியை இழுக்கும், பின்னால் வருவது வெட்டும். வெட்டிய நுனி தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். சுருள்முடிக்காரர்களுக்கு அது அங்கேயே வளைந்து வளரும். வழவழவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால்தான் இதற்கு வழி.

ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறினார். குளித்த பிறகு, முடி ஈரத்தில் ஊறி மெத்தென்று இருக்கும்போது, சோப்பு நுரைக்குப் பதில் ஷேவிங் கிரீம் போட்டு இரண்டு நிமிடம் விட வேண்டும். முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். கழுத்தில் அந்தத் திசை இடத்துக்கு இடம் மாறும். விரலால் தடவிப் பார்த்தால் எந்தப் பக்கம் சொரசொரப்பில்லையோ அதுதான் திசை. அவருக்கு இடப்பக்கக் கழுத்தில் முடி பக்கவாட்டில் காதை நோக்கி வளர்ந்திருந்தது. இத்தனை வருடம் அதைக் கீழிருந்து மேலாக இழுத்திருக்கிறார். தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது, சென்ற இடத்திலேயே மறுபடி போகக் கூடாது, நாலைந்து சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்ற வேண்டும். ஆஃப்டர் ஷேவுக்குப் பதில் அதே மாய்ஸ்சரைசர். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம், இடையில் ட்ரிம்மர் என்பதற்கு அலுவலகமும் ஒத்துக்கொண்டது.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னும் பின்னும்

ஆறாம் வாரம் மாத்திரையை நிறுத்தினோம். மூன்றாம் மாத முடிவில் எரிச்சல் இல்லை; சிவப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது; புதிய பரு எப்போதாவது ஒன்று. டாக்ரோலிமஸை வாரம் இருமுறையாகக் குறைத்து அடுத்த மாதம் விட்டோம். அதன் பிறகே, பரு விட்டுப்போன கருமைக்கு அசெலிக் அமிலம் 10%, வாரம் மூன்று இரவு என்று சேர்த்தோம். நாலாவதாக ஒரு பொருள் வந்தது அப்போதுதான்.

மே கடைசியில் பெண் வீட்டாரோ நண்பர்களோ யாரோ பார்லரில் ஃபேஷியலும் ப்ளீச்சும் செய்துகொள்ளச் சொன்னார்கள். பேசிவைத்தபடி அவர் கூப்பிட்டுக் கேட்டார். ப்ளீச் வேண்டாம், ஆவி பிடித்து அழுத்தித் தேய்க்கும் எதுவும் வேண்டாம், முடி வெட்டிக்கொண்டு வழக்கமானதையே செய்யுங்கள் என்றோம். நிச்சயதார்த்தப் புகைப்படத்தை அடுத்த முறை வந்தபோது காட்டினார். கழுத்தும் முகமும் ஒரே மாநிறம். களிம்பு பூசிய நாட்களின் வெளுப்பு அதில் இல்லை, அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

ஆவணிக் கல்யாணத்துக்கு முன் கடைசியாகப் பார்த்தோம். மூக்கோர இரத்தநாளங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. லேசரில் குறைக்கலாம் என்று சொன்னோம், வேண்டாம் என்றார். பூனைமுடி குறைந்திருக்கிறது. பொடுகுக்கு ஷாம்பு வாரம் ஒருமுறை. மாதச் செலவு, அந்தப் பழைய பையிலிருந்த பொருள்களுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

இனி மாற்றிச் செய்பவை

ஸ்டீராய்டை நிறுத்தும் ஒவ்வொருவருக்கும், முதல் இரண்டு மூன்று வாரம் முகம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கிறோம். அதை வீட்டில் ஒருவராவது படிக்க வேண்டும். முடிந்தால் முதல் நாளே அவரைக் கூட்டிவரச் சொல்கிறோம். பத்தாம் நாள் நர்ஸ் ஒருவர் கூப்பிட்டு விசாரிக்கிறார், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கடைக்குத் திரும்பிப் போவது அந்தச் சமயத்தில்தான்.

சன்ஸ்கிரீனை எழுதிக் கொடுப்பதற்கு முன் மூன்று நாலு வகையைப் புறங்கையில் பூசிப் பார்க்க வைக்கிறோம். எது வெளிறுகிறது, எது பிசுபிசுக்கிறது என்பதை அவர்களே சொல்லட்டும். வேலை நேரம், சாப்பாட்டு நேரம், சவரப் பழக்கம், ஹெல்மெட், தலைக்கு எண்ணெய் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு படிவம் போட்டிருக்கிறோம்.

கடைகளைப் பொறுத்தவரை எங்களால் முடிந்தது சிறியது. சுற்றுவட்டாரத்து மருந்துக்கடைக்காரர்களிடம் நேரில் போய், எந்தெந்தக் களிம்பு ஷெட்யூல் எச்சில் வருகிறது என்ற பட்டியலைக் கொடுத்துப் பேசினோம். சிலர் கவுண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிலர் வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் களிம்பை அவருக்குக் காட்டிய சக ஊழியர் ஜூலையில் வந்தார். சிவப்பு இருந்தது, பரு அதிகம் இல்லை. அவருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. களிம்பை நிறுத்தி, அதே மூன்று பொருளோடு தொடங்கியிருக்கிறார்.